ஒரு படி பருத்திக்கொட்டை

மாட்டுத் தீவனத்தைப் பற்றி முப்பது வருடம் ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். சோற்றை அள்ளிக் கொட்டினால் பால் கூடும், கொழுப்பு குறையும்; வைக்கோலும் பருத்திக்கொட்டையும் வயிற்றுக்குள் போனால்தான் பால் திடமாக இருக்கும் என்று நான் சொல்லாத கூட்டமில்லை. அதை முதலில் எங்கே கண்டேன் என்று மட்டும் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் சுந்தரபாண்டியத்தில் இருந்தோம். கணவரை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அத்தைக்குச் சொந்தமென்று இருந்தது ஒரு பசுதான். காலையில் கறந்த பாலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய் ஒரு பால்கோவாக் கடையில் ஊற்றுவாள். அந்தக் கடையில் எல்லார் பாலையும் எடுத்துவிட மாட்டார்கள். அத்தை பால் என்றால் தனி வாணலி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் வேலை பார்த்த என் தாய்மாமா அவ்வப்போது ஒரு மூட்டை பருத்திக்கொட்டை அனுப்புவார். ராத்திரியே ஒரு படியை ஊறவைத்துவிடுவாள் அத்தை. அவள் பஸ் ஏறிய பிறகு அதை உரலில் ஆட்டித் தவிட்டோடு கலந்து பசுவுக்கு வைப்பது அந்த முழுப் பரீட்சை லீவில் என் வேலை. கொட்டை லேசில் அரைபடாது. நான் ஆட்டி முடிப்பதற்குள் வற்றிய கம்மாயில் கிரிக்கெட் முடிந்துவிடும்.

அடுத்த தெருக் கல்யாண மண்டபத்தில் அந்த மாதம் முகூர்த்தத்துக்குக் குறைவில்லை. மீந்த சோற்றை வாளி வாளியாகத் தந்தார்கள். ஒருநாள் ஊறிய கொட்டையைக் குப்பைக்கிடங்கு ஓரமாகக் கொட்டிவிட்டு, பசுவுக்குச் சோற்றை வைத்தேன். ஆவலாகத் தின்றது. வயிறு நிறைந்ததால் வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நாலைந்து நாளில் பால் அரை லிட்டர் கூடியது. "பய கைராசிக்காரன்லா!" என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். என்னை அபூர்வமாகவே பாராட்டுகிறவர் அவர். அதன் பிறகு உரல் பக்கமே நான் போகவில்லை.

ஒரு காலை அத்தையோடு நானும் கடைக்குப் போனேன். வாணலியின் அடியில் ஒட்டும் காந்தலைச் சுரண்டித் தருவார்கள் என்ற ஆசை. முதலாளி அன்று அத்தையை உட்காரச் சொல்லவில்லை. பாலில் பால்மானியை மிதக்கவிட்டார்.

"தண்ணி கலந்தா இது இறங்கும். இது ஒசர நிக்கி. ஆடையை எடுத்தாத்தான் இப்பிடி நிக்கும். எம்புட்டு நேரம் கிண்டினாலும் நெய் கசிய மாட்டேங்கு, தாயி."

"ஆண்டாள் சத்தியமா நான் ஆடையில கை வைக்கல, அண்ணாச்சி."

"ஆண்டாளை ஏன் இழுக்கே? வெண்ணெய் திருடுனது அவ வீட்டுக்காரர்லா!"

அடுப்படியில் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தையின் கை தூக்குவாளிப் பிடியை விடவில்லை. "பத்து நாள் பாக்கேன். சரியா வரலைன்னா பொறவு இங்க பால் கொண்டாராதே" என்றார் முதலாளி.

திரும்பும் பஸ்ஸில் அத்தை கேட்டாள்: "ஏலே, கொட்டையை தெனமும் ஆட்டித்தான் வைக்கியா?"

"ஆமா அத்தை."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். கொட்டைக்கும் நெய்க்கும் என்ன சம்பந்தம்? பால்தான் கூடியிருக்கிறதே.

இரண்டு நாள் முன்பு ஒரு கோடை மழை பெய்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் சாணி கொட்டக் கிடங்குப் பக்கம் போன அத்தை செத்த நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். குனிந்து எதையோ ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டிரண்டு இலை விட்ட இளம் பருத்திக் கன்றுகள். பாய் விரித்தாற்போல அடர்ந்து முளைத்திருந்தன. "அங்க என்ன செய்யுத?" என்று வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஒண்ணுமில்லண்ணே, களை" என்றாள். ஒன்றைக்கூட விடாமல் பிடுங்கி, சேலை மடியில் கட்டிக்கொண்டு போய்ச் சாணிக்கு அடியில் புதைத்தாள். என்னிடம், "நாளையில இருந்து கொட்டையை நானே ஆட்டிக்கிடுதேன். நீ போய் வெளையாடு" என்றாள்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். அத்தைக்குப் பருத்திச் செடியைக்கூட அடையாளம் தெரியவில்லை என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம் வேறு.

சோறு நின்றது. பால் பழைய அளவுக்கு இறங்கியது. பத்தாம் நாள் மறுபடியும் காந்தலுக்காக அவளோடு போனேன். வாணலியின் ஓரமெல்லாம் நெய் மினுங்கியது. முதலாளி கரண்டியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"பாத்தியளா? பிடிச்சுக் கேட்ட பொறவு பால் எம்புட்டு சுத்தமா வருதுன்னு! இனிமே ஆடையில கை வைக்க மாட்டேல்லா, தாயி?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "மாட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

அதன் பிறகும் பல வருடம் அங்கேதான் பால் ஊற்றினாள். தினமும் பால்மானி மிதந்த பிறகுதான் அவள் பாலை வாங்கினார்கள். கல்லூரியில் முதல் வருடமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முதலாளி அப்போதும் கல்லாவில்தான் இருந்தார். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்று அவருமில்லை, அத்தையுமில்லை.

அந்தப் பத்தாம் நாள் எனக்கு வாழையிலைத் துண்டில் சூடான காந்தல் கிடைத்தது. அத்தைக்கும் நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவளுக்கு இனிப்புப் பிடிக்காது போல என்று எண்ணி, அவள் பங்கையும் நானே தின்றேன்.