திரும்பி வரும் நாளைக் கேட்ட வரி

அதிகாலை ஸுபஹ் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜெஸீமா டீச்சரின் பெயரைச் சொன்னது. எங்கள் பாடசாலையின் மனையியல் ஆசிரியை வபாத்தாகிவிட்டார். மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்லி முடிக்குமுன் என் மனதில் ஓடியது, இன்றைக்கு ரிலீப் யார் போடுவார் என்பதுதான். வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அவரோடு படிப்பித்த உங்களில் பலருக்கும் அதே கேள்வி ஓடியிருக்கும்.

வராத ஆசிரியரின் வகுப்புக்கு யார் போவது என்று காலையில் தீர்மானிப்பதுதான் ரிலீப். டீச்சர் அதைக் கணினியில் தானே சூத்திரங்கள் போட்டுச் செய்துவைத்திருந்தார். வேறு எவருக்கும் அது விளங்கவில்லை. அதனால் அவரால் லீவு போட முடியவில்லை. கண்டியில் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோதும் போகவில்லை. "நானே கூடு கட்டி, நானே உள்ளுக்க இருந்து பூட்டிட்டன் சேர்," என்பார்.

கணினிப் பாடம் கற்பிக்கும் நான், பைதன் மொழியில் புதிதாக எழுதித் தருவதாகச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவர் உடனே ஒப்பவில்லை. இஸ்லாம் பாடம் கற்பிக்கும் மௌலவி சேரை அழைத்து, நோன்பு கால நேரத்தை அதில் மாற்றச் சொன்னார். அவர் மாற்றும்போது ஒரு வரியின் தொடக்கத்தில் இடைவெளி பிசகி, நான் எழுதிய ஸ்கிரிப்ட் முழுவதும் நின்றுபோனது. மௌலவி சேர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அதுக்கென்ன, எனக்கொரு போன் கோல் எடுங்க. வந்து சரியாக்கித் தாறன்," என்றேன்.

"அப்ப கூடு அப்படியே இரிக்கும் சேர். குருவிதான் மாறும்," என்றார் டீச்சர்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் வேண்டாவெறுப்பாக லூவா என்ற சின்ன மொழிக்கு இறங்கி வந்தேன். அதில் இடைவெளி பிசகினாலும் ஓடும். கேள்விகளையும் பாடங்களின் பெயர்களையும் தமிழில் எழுதினோம். வேண்டாத வரியை அழிக்கவும் தேவையில்லை. முன்னால் இரண்டு கோடு போட்டால் கணினி அதைத் தாண்டிப் போய்விடும். "பிழைச்சா கோட்ட எடுத்தாச் சரி. பயப்படாதீங்க," என்று மௌலவி சேரைப் பழக்கியது டீச்சர்தான். மௌலவி சேர் பழகியதும், டீச்சர் மகளிடம் போக லீவு எழுதிக் கொடுத்தார். அந்த லீவு தொடங்குமுன் நெஞ்சுவலி வந்துவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அன்று காலை டீச்சரின் ஜனாஸா வீட்டுக்குப் போகுமுன் பாடசாலைக்கு ஓடினேன். மௌலவி சேர் ஏற்கனவே கணினி முன் இருந்தார். வராதவர் என்ற இடத்தில் டீச்சரின் பெயரைப் போட்டிருந்தார். திரையில் நான் எழுதிய கேள்வி நின்றது: 'திரும்பி வரும் நாள்?' பதில் கொடுக்காமல் அது நகராது.

"இதுக்கு என்ன சேர் போடுற?" என்றார்.

வாசலில் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அந்தக் கேள்விக்குள் அடைபட்டு நின்றோம். பிறகு மௌலவி சேர் ஸ்கிரிப்டைத் திறந்தார். விரல் வைத்து வரி வரியாகத் தேடினார். அந்த வரியைக் கண்டதும், என்னைக் கேட்காமலே அதற்கு முன் இரண்டு கோடு போட்டார். ரிலீப் தாள் வெளியே வந்தது. மணி அடித்தது.

இந்த உலகில் டீச்சருக்கு இடம் நெருக்கமாகத்தான் கிடைத்தது. அல்லாஹ் அவர் உறங்கும் கப்றையாவது விசாலமாக்கட்டும். பழைய கேள்வியைத் திரும்பப் போடச் சொல்லிப் பாடசாலை அதிபர் கேட்டார். ஏலா என்று மறுத்துவிட்டேன். டீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இரண்டு கோடுகளைத்தான்.