சந்தோஷமாகப் போய் வா என்றேன்

சேவை செய்ய வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கண்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. அவர்களை வீட்டில் வைத்து, இந்த டில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடையாய் நடந்து, இட்லியும் சாம்பாருமாய்ப் போட்டவளும் நான்தான். வருஷத்துக்கு ஒரு பெண், அக்டோபரில் வந்து மார்ச் கடைசியில் போவாள். மத்தியானம் முழுக்க சாக்கடைக் கால்வாயான நாலாவை ஒட்டிய ஜுக்கிக் குடிசைகளில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள்; அவர்களுக்கு அவள் 'தீதி', அக்கா. சாயங்காலம் என் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, அன்றைக்குத் தன் மனசு எவ்வளவு வளர்ந்தது என்று எழுதுவாள். அதற்கு அவர்கள் கல்லூரியில் மார்க் உண்டாம்.

அந்த ஜுக்கியில் பாதிப் பேர் விழுப்புரம், சேலம் பக்கத்துத் தமிழர்கள். என் வீட்டில் பாத்திரம் தேய்த்தவளும் அங்கேதான் இருந்தாள். அவள் மகள் அப்போது பத்தாவது. மற்றதெல்லாம் தேறிவிடும், கணக்குதான் உதைக்கும். "கணக்குல பாஸானா மேல படிக்கட்டும்மா. இல்லேன்னா என்கூட வேலைக்கு வரட்டும், எனக்கும் முட்டி தாங்கலை" என்று அம்மாக்காரி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் வந்த வெளிநாட்டுப் பெண் கெட்டிக்காரி, இல்லையென்று சொல்லமாட்டேன். டிசம்பர் குளிரில் அவளும் இந்த மகளும் ஒரே ரஜாயை, பஞ்சுப் போர்வையை, காலில் போர்த்திக்கொண்டு, எண்ணும் சைகையுமாய்க் கணக்குப் போடுவார்கள். எட்டு மார்க் வாங்கிக்கொண்டிருந்தவள் ஜனவரியில் பள்ளிக்கூடப் பரீட்சையில் முப்பத்தொன்று வாங்கினாள். இங்கே பாஸுக்கு முப்பத்துமூன்று; இன்னும் இரண்டே இரண்டு மார்க்.

பொதுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது வெளிநாட்டுக்காரிக்கு ராஜஸ்தான் ஞாபகம் வந்துவிட்டது. சிநேகிதிகள் கிளம்புகிறார்கள், அப்படியே ஊருக்கும் போய்விடலாம். ஆனாலும் அவளுக்கு மனசு உறுத்தியது. அந்த மகளின் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று என் சமையலறைக்கு வந்து நின்றாள். பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, வந்தவளுக்குத் தமிழும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. நடுவில் நான். மகள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நோட்டைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மாக்காரி பதறிப்போனாள். "அய்யோ, வேணாம்மா! பரீட்சை முடியறவரைக்கும் இருக்கச் சொல்லுங்க. அவங்க போயிட்டா இது படிக்காது. கால்ல வேணா விழறேன்."

காலில் விழுகிறேன் என்றாள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஒரு வெள்ளைக்காரச் சின்னப்பெண் முன்னால், அதுவும் என் வீட்டில், நம் ஜனம் கெஞ்சுவதா? போதாததற்கு, கிளம்புகிறேன் என்றவர்களைத் தடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கமாட்டோம். நான் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னேன்: "சந்தோஷமாகப் போய் வா என்கிறாள். நீ செய்ததே பெரிசு என்கிறாள்."

வெளிநாட்டுக்காரி கண் கலங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். இருக்கச் சம்மதித்துவிட்டாள் என்று நினைத்து அம்மாக்காரியும், சோப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் கன்னத்தைத் தடவினாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வெளிநாட்டுக்காரி போனபிறகு, அம்மாக்காரியிடம் "நான் எவ்வளவோ சொன்னேன், அவ கேக்கலை" என்றேன். கூசாமல் சொன்னேன்.

கணக்கு போய்விட்டது. மறுபடி எழுதினாள், அதுவும் போய்விட்டது. அம்மாவுக்கு முட்டி மொத்தமாய் விட்டுவிட, ஆகஸ்டிலிருந்து மகள் என் வீட்டுத் தொட்டியடியில் நின்றாள்.

அந்த மாதமே கல்லூரியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது, என் பார்வைக்காக. வெளிநாட்டுக்காரி எழுதியது. ஓர் ஏழைத் தாய் தன்னைத் தடுக்காமல் வாழ்த்தி வழியனுப்பினாளாம். பற்றில்லாமல் நேசிப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாளாம். தனக்குள் அதுதான் பெரிய வளர்ச்சியாம். கூடவே எனக்கு ஒரு படிவம்: அவளுடைய பொறுமைக்கு எத்தனை, அனுதாபத்துக்கு எத்தனை, ஐந்துக்குப் போடவும். பத்தாவது தவறிய பெண்ணைப் பற்றி அதில் ஒரு கட்டம் கிடையாது.

சமையலறைக்குப் போய், "கேட்டியாடி, அந்த மகராசி வளந்துட்டாளாம்! உன்னை நட்டாத்துல விட்டுட்டுப் போனவ!" என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் திரும்பவில்லை. "தீதியைத் திட்டாதீங்க ஆன்ட்டி. அம்மா சொன்னதை நீங்க அவங்ககிட்ட சொல்லவே இல்லையே."

கையிலிருந்த படிவத்தை மடித்தேன்.

"நான் அங்கதானே நின்னேன். அவங்ககிட்ட பழகி, இங்கிலீஷ் எனக்கு அப்பவே கொஞ்சம் கொஞ்சம் புரியும்."

"அப்பவே சொல்றதுக்கென்னடி?"

"பெரியவங்க நீங்க. எங்க நல்லதுக்குத்தான் ஏதோ மாத்திச் சொல்றீங்கன்னு நினைச்சேன்." குழாயைத் திறந்து குக்கரை அலசினாள். "அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை. அவங்களுக்கு உங்கமேல ரொம்ப மரியாதை."