மேக்னாவின் அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

கொல்கத்தாவில் பிள்ளைகளுக்குப் படுக்கையறை வடிவமைத்துத் தருவதுதான் ஜலஜாவின் தொழில். சமையலறை செய்து கொடுங்கள் என்றால் மாட்டேன் என்பாள். கேட்பவர்களுக்கு ஏதோ ஆனந்தமான வேலை போலத் தோன்றும். கூடவே நாலு வீடு ஏறி இறங்கிப் பார்த்தால்தான் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற வேலை அது.

பின்னே என்ன? அறை பிள்ளையுடையது, பேசுவதெல்லாம் பெற்றவர்கள். பையன் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அவனுக்கு நீலம்தான் பிடிக்கும்" என்பார். அலமாரியில் பையன் சட்டைக்கு ஒரே ஒரு தட்டு. மற்றதெல்லாம் அம்மாவின் பட்டுப்புடவைக்கும் கொலுப்பொம்மைப் பெட்டிக்கும். ஜலஜாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். காளிகாட்டில் அவள் வளர்ந்த வீட்டிலும் 'ஜலஜா ரூம்' என்று ஒன்று இருந்தது. பெயர்தான் அவளுடையது. வீட்டு பீரோ அங்கே நின்றதால், அவள் உடை மாற்றும்போதுகூட யாராவது சாவியும் கையுமாக வந்து நிற்பார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அளவெடுக்கப் போகும் வீட்டில் பெற்றவர்களை ஹாலில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளையிடம் தனியாகக் கேட்பாள். டாலிகஞ்சில் வீரராகவன் வீட்டிலும் அப்படித்தான் கேட்டாள். அவர் பெண் மேக்னாவுக்குப் பதினாலு வயது. அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்களைப் போல அவளும் ஜலஜாவை மாஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிட்டாள்.

"கலர் எதுவானாலும் ஓகே மாஷி. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் வேணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஹாலுக்கு வந்து சொன்னதும் வீரராகவன் முகம் சுருங்கியது. "தாழ்ப்பாளா? நம்மாத்துல அதெல்லாம் பழக்கமில்ல மேடம். அது கிடக்கட்டும், கட்டில் டபுள் காட்டா போட்டுடுங்கோ. மனுஷா வருவா."

மனுஷா என்றால் சென்னை உறவினர்கள். காசி, கயா என்று கிளம்புகிறவர்கள் காளி தரிசனத்தைச் சாக்கிட்டுக் கொல்கத்தாவில் இறங்காமல் போவதில்லை. வீரராகவன் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வருவார். வருகிறவர்களுக்கு மேக்னாவின் அறைதான். இது தெரிந்ததும் ஜலஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. பெண்ணுக்கென்று சொல்லி என்னைக் கூப்பிட்டுவிட்டுச் சத்திரமா கட்டச் சொல்கிறார் இந்த மனுஷர்? எல்லாவற்றுக்கும் அந்த டபுள் காட்தான் காரணம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒருவர் மட்டும் படுக்கிற கட்டிலைப் போட்டுவிட்டால் விருந்தாளிகளை எங்கே கிடத்துவார், பார்த்துவிடலாம்!

ஒரு வாரம் போனிலும் நேரிலும் வாதாடினாள். வீரராகவன் அசையவே இல்லை. கடைசியில் பொறுமை இழந்து, "சரி சார், தாழ்ப்பாள் வேண்டாம். கட்டிலை மட்டும் சிங்கிளா விடுங்கோ" என்றாள்.

அவர் மனைவி ஷியாமளாவும், "விடுங்களேன், ஒண்ணுக்காவது ஒத்துக்கோங்கோ" என்றாள். அவர் ஒத்துக்கொண்டார். மேக்னா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். ஜெயித்த மும்முரத்தில் ஜலஜா அதைக் கவனிக்கவில்லை.

அறை பிரமாதமாக அமைந்தது. ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து படிக்க ஒரு மரப்பலகை, அதன் கீழே புத்தகத் தட்டு, வெளிர்பச்சைச் சுவர், ஒடுங்கின அழகான கட்டில். ஜலஜா போட்டோ எடுத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினாள்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்த கையோடு மேக்னாவிடமிருந்து போன் வந்தது.

"மாஷி, ஹால்ல சோபாவுக்கு மேல படிக்கிறதுக்கு ஒரு லைட் போட்டுத் தர முடியுமா?"

"ஹால்ல எதுக்கு? உன் ரூம்லதான் இருக்கே!"

"ரூம்ல அத்தையும் அத்திம்பேரும் இருக்கா. காசிக்குப் போயிட்டு வந்திருக்கா. கட்டில்ல அத்தை, கீழ மெத்தை போட்டு அத்திம்பேர். முன்னாடின்னா பெரிய கட்டில்ல அத்தை பக்கத்துல ஒரு ஓரமா நானும் படுத்துப்பேன். இப்போ சோபாதான்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். 'உங்க மாஷிதானே சின்னக் கட்டில் போட்டா, அவளையே கேளு'ன்னார்."

அந்த மனுஷர் மேல் வந்த ஆத்திரம் ஜலஜாவுக்குத் தன் மேலேயே திரும்பியது. பெண் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத்தானே விட்டுக்கொடுத்துவிட்டு, அந்தப் பெண் கேட்காத கட்டிலுக்காகச் சண்டை போட்டாள்?

"அவா எப்போ கிளம்பறா?"

"இந்த வாரம்தான் கிளம்பறதா இருந்தா. ரூம் ரொம்ப நன்னா இருக்காம், இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறாளாம்."

ஜலஜா எழுந்துவிட்டாள். "மேக்னா, நான் இப்பவே கிளம்பி வரேன். உங்கப்பா என்ன சொன்னாலும் சரி, என் கையாலயே அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டுதான் போவேன்."



"இப்போ வேண்டாம் மாஷி" என்றாள் மேக்னா. "இப்போ போட்டா, அத்தைதான் உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டுப்பா."