நாற்பத்தொரு தட்டுகள்

அவள் கைகள் கத்தரிக்கோலை விளக்கடியில் பிடித்து, இடுக்கில் கறை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தன. பிறகு ரத்தக்குழாயைப் பிடிக்கும் கவ்விகளை எண்ணித் தட்டில் அடுக்கி, துணியை இரண்டாக மடித்துச் சுற்றி, நாடா ஒட்டின.

ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்து கட்டும் அந்த அறையில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருட வேலை. இன்று அவளுக்கு ஒரு கண் தட்டின் மேல், இன்னொரு கண் மூலையில் உட்கார்ந்திருந்தவன் மேல். ஜனங்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய வந்தவனாம்.

போன வாரம் ஆபரேஷனுக்குப் போன தட்டு ஒன்றில் கவ்வி குறைந்தது. கட்டியவர் என்று கம்ப்யூட்டர் பெரியக்கா பேரைக் காட்டியது. வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போனாலும் போகலாம். இந்த நேரம் பார்த்தா ஆராய்ச்சி வரும்?

"மேலிடத்து ஆளுக்கா. மூஞ்சியே சொல்லுது," என்று முணுமுணுத்தாள், பக்கத்தில் தட்டு கட்டிக்கொண்டிருந்த ஒல்லி.

"நீ வாய மூடிட்டு எண்ணு."

கவ்வி குறைந்த அந்தத் தட்டைக் கட்டியது ஒல்லிதான். இரண்டு பிள்ளைக்காரி, இன்னும் தற்காலிக வேலை. விஷயம் தெரிந்த அன்று சாயங்காலமே பெரியக்காவிடம் வந்து அழுதிருந்தாள்.

ஆராய்ச்சிக்காரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். "நேத்து நீங்க நாப்பத்தோரு தட்டு கட்டினதா இருக்கு. தட்டுக்கு இருபது நிமிஷம்னா, பதினாலு மணி நேரம் ஆவுது. உங்க வேலை எட்டு மணி நேரம்தானே?"

"பழகின கை தம்பி."

"மத்த நாலு பேரும் சும்மாவா இருந்தாங்க?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "எங்க மேல உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?" என்றாள்.

"அக்கறை எல்லாம் இல்லக்கா. ஏன் ஒரே பேரு வருதுன்னு தெரியலைன்னா என் படிப்பு முடியாது."

ஒளிவுமறைவில்லாத அந்தச் சுயநலத்தில் மட்டும் பொய் தெரியவில்லை. ஆனாலும் பேனாவை அவன் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் பேசினாள். அறையில் வேலை செய்யும் ஐந்து பேருக்கும் கம்ப்யூட்டரில் தனித்தனிப் பேரும் கடவுச்சொல்லும் உண்டு. ஆனால் மூத்தவள் நிற்கும்போது தன் பேரைப் போடுவது, அவளைத் தாண்டிக் கால் வைப்பதுபோல. அதனால் எல்லோரும் தாங்கள் கட்டிய தட்டையும் அவள் பேரிலேயே பதிவு செய்வார்கள். அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சொல்லி முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப எழுதுங்க. எங்க யார் பேரும் வேணாம். கம்ப்யூட்டர்ல இருக்கற பேரு கட்டினவங்க பேரு இல்ல, அவ்வளவுதான். கையெழுத்து போட்டு ஒரு காப்பி எனக்குக் குடுங்க. வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வேணும்."

"யார் கட்டினதுன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். அதுக்கு உங்க படிப்புல பதில் இல்ல."

அவன் எழுதினான். அவள் இரண்டு தரம் படித்து, ஒரு வரியை அடிக்கச் சொல்லி, மறுபடி படித்து, மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு ஒல்லி இன்று கட்டியிருந்த தட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினாள். சரியாக இருந்தது. திரும்பக் கட்டச் சொன்னாள்.

"உன் பேர்ல போடு."

"நீங்க இருக்கும்போது எப்படிக்கா?"

"நான் இருக்கும்போதே போடு."

ஒல்லி ஒற்றை விரலால் தன் பேரைத் தட்டினாள். பிறகு கட்டிய தட்டைத் தானே தூக்கிப்போய், கிருமி நீக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுபோக ஜன்னலுக்கு அப்பால் காத்திருந்த நர்சின் கையில் கொடுத்தாள்.