மாமா போட்ட கேஸ் குழாய்

அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடவே இப்போதெல்லாம் எனக்கு நாக்கு கூசுகிறது.

கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். இருபது வருஷம் பெயிண்டில் கலக்கும் தின்னர் ஆவியை இழுத்து இழுத்து மூக்கு செத்துவிட்டது. ஒரு தடவை பீரோவுக்குப் பின்னால் எலி ஒன்று செத்து அழுகிக் கிடந்தது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். மனிதர் அதே பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் மூக்கு போனதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

போன மாதம், அடுப்படியில் இடத்தை அடைக்கிறதென்று சிலிண்டரை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். அங்கிருந்து அடுப்பு வரை செம்புக் குழாய் இழுக்க வேண்டும். "ஃபிட்டரைக் கூப்பிடுங்களேன்" என்று அக்கா கெஞ்சினாள். "அவன் என்ன ஆகாசத்துலேருந்து குதிச்சவனா?" என்று அவரே அறுத்தார், அவரே முடுக்கினார். கசிகிறதா என்று ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டாமா? அதற்கு முன்பே குழாய் முழுக்கப் பளபளவென்று வெள்ளி பெயிண்ட் அடித்துவிட்டார். சின்ன ஓட்டை இருந்தாலும் பெயிண்ட் அடைத்துவிடுமாம். பெயிண்டர் புத்தி!

பத்தே நாளில் ஜாயின்ட்டுகளில் பெயிண்ட் வெடித்தது. "கேஸ் நாத்தம் வருதுங்க" என்றாள் அக்கா. அவர் குழாயில் மூக்கை வைத்து உறிஞ்சிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. உன் சிங்க்குதான் நாறுது, போய்க் கழுவு."

அவளும் நம்பித் தொலைத்தாள். தலைவலியோடு ஒரு வாரம் ஃபினாயில் ஊற்றித் தேய்த்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

நேற்றுக் காலை நான் போனபோது வாசலிலேயே கேஸ் நாற்றம் மூக்கில் அடித்தது. உள்ளே மாமா டீ போடுவதற்காக லைட்டரைக் கையில் எடுத்திருந்தார். பாய்ந்து பிடுங்கினேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றார்.

பின்பக்கம் ஓடி சிலிண்டரை மூடிவிட்டு, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, அக்காவைத் தெருவுக்கு இழுத்து வந்தேன். அவர் பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

நாற்றமெல்லாம் போன பிறகு, நான் வரவழைத்த ஃபிட்டர் சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்து சோப்புத் தண்ணீர் தடவினார். நாலு ஜாயின்ட்டிலும் நுரை பொங்கியது.

"இவ்வளவு கசியுதே, வீட்ல ஒருத்தருக்குக்கூடவா நாத்தம் தெரியல?"

மாமா அக்கா பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் மூக்கு நல்லா இருக்கே. அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"