பரந்தன் பக்கம் என்று சொல்லிவிட்டேன்

போன வருடம் ஆகஸ்ட் மாதம் கிளிநொச்சியில் நடந்தது இது. எங்கள் மாதர் சங்கம் அங்கே ஒரு பழைய பொருள் கடை நடத்துகிறது. ஊர்ச்சனம் தங்களுக்குத் தேவைப்படாத உடுப்பு, பாத்திரம், கதிரை என்று கொண்டுவந்து தருவார்கள். அவற்றைக் குறைந்த விலைக்கு விற்று, படுக்கையில் கிடக்கும் நோயாளர்களுக்கு உதவுகிறோம். கிழமையில் மூன்று நாள் நான் பரந்தனிலிருந்து பஸ்ஸில் போய் அங்கே வேலை செய்வேன். சம்பளம் இல்லை, மனதுக்கு நிறைவான வேலை.

அந்த மாதம் ஒரு துளி மழையும் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே காலை பத்து மணிக்கே இருக்க முடியாது. சோளகக் காற்று றோட்டுப் புழுதியை அள்ளிவந்து மடித்துவைத்த உடுப்புகளின் மேல் கொட்டும். உடுப்புகளைத் தரம் பிரிப்பது என் பொறுப்பு. நல்லவற்றை விற்பனைக்கு அடுக்குவேன். கிழிந்தவற்றையும் மங்கியவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, சைக்கிள் திருத்தும் கடைக்காரருக்கு எண்ணெய் துடைக்கக் கொடுப்போம். வெக்கைக்குள் நின்று வெட்டும்போது சீக்கிரம் முடிந்தால் போதும் என்றுதான் இருக்கும்.

ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தார். அறுபது வயது தாண்டியிருக்கும். வீடு இரணைமடுப் பக்கம். வவுனியாவில் கண் சத்திரசிகிச்சை முடித்து, அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் ஒரு கிழமை தங்கிவிட்டு வந்திருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து மகள் அலுமாரியைத் துப்புரவாக்கி, பழைய உடுப்புகளை ஒரு பையில் கட்டி எங்களிடம் தந்துவிட்டாளாம். அதற்குள் ஒரு சேட்டும் போய்விட்டது. நீலக் கோடு போட்டது, கமக்கட்டுப் பக்கம் கிழிந்ததைக் கறுப்பு நூலால் தைத்திருக்கும் என்று அடையாளம் சொன்னார்.

“என்ர மூத்தவன்ர சேட்டு, பிள்ளை. போறதுக்கு முதல் நாள் தோய்ச்சுப் போட்டது. ஈரம் எண்டு விட்டிட்டுப் போனவன்.”

யுத்தத்தின் கடைசி மாதங்களில் போன மகன். பிறகு ஒரு தகவலும் இல்லை. மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்கு அது வெறும் பழைய சேட்டு.

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கறுப்பு நூல் தையலில் என் கத்தரிக்கோல் ஒருதரம் தடக்கியது. நிமிர்த்திப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெட்டினேன். அது நடந்து நாலு நாள்கூட ஆகவில்லை.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. விற்றுப்போய்விட்டது என்றேன். யார் வாங்கினது என்று கேட்டார். ஒரு பெடியன், ஆளைத் தெரியாது என்றேன். எந்தப் பக்கத்துப் பெடியன் என்று கேட்டார். முதலில் வாயில் வந்தது என் ஊர்தான்.

“பரந்தன் பக்கம் போலக் கிடக்கு, அம்மா.”

அவர் முகம் தெளிந்தது. அப்படியென்றால் கேட்டுப் பார்க்கலாம்தானே என்று சொல்லி, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். நான் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பையை அவிழ்த்தேன். வெட்டிவிட்டேன் என்று சொல்லி அவரை நோகடிப்பதைவிட இது மேல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த கிழமை வேலைக்குப் போகும்போது, பஸ் பரந்தன் சந்தியில் ஆட்களை ஏற்ற நின்றது. யன்னலால் பார்த்தேன். அந்த அம்மா றோட்டோரத்தில் குடையோடு நின்றார். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிற பெடியன்களின் சேட்டுகளைக் கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவனை மறித்து ஏதோ கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனான். என் பக்கத்தில் இருந்த பெண், இந்த அம்மா நாலு நாளாக இப்படி வந்து நிற்கிறா, வெட்டின கண்ணோடு இந்தப் புழுதிக்குள் நின்று ஏதோ சேட்டுத் தேடுகிறா என்று சொன்னார்.

நான் எழும்பவில்லை. பஸ் வெளிக்கிட்டுவிட்டது. கரடிப்போக்குச் சந்தி வரைக்கும் போன பிறகுதான் இறங்கினேன். திரும்பிப் போகிற பஸ் வரும்வரை, அவர் இதற்குள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று ஒரு மனம் ஆசைப்பட்டதையும் மறைக்க விரும்பவில்லை.

அவர் அதே இடத்தில்தான் நின்றார். என்னைக் கண்டதும், சேட்டு வாங்கின பெடியனைப் பற்றி ஏதோ சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து இரண்டு அடி முன்னுக்கு வந்தார்.

“அம்மா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அந்தச் சேட்டை ஒருத்தரும் வாங்கேல்லை. தெரியாமல் நான்தான் வெட்டிப்போட்டன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். சத்திரசிகிச்சை செய்த கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

“மிச்சம் ஏதும் கிடக்கோ?”

இருவரும் கடைக்குப் போனோம். சைக்கிள் கடைக்குப் போன துண்டுகளை, எண்ணெய் பிடித்ததும் கடைக்காரர் எரித்துவிட்டிருந்தார். ஆனால் கொலர்கள் தடிப்பானவை, துடைக்க உதவாது என்று வெட்டி ஒரு சாக்கில் போட்டுவைப்போம். அந்தச் சாக்கை நிலத்தில் கொட்டி, எதிரெதிரே இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அவர்தான் கண்டுபிடித்தார். கொலரும் அதோடு தொங்கிய நாலு விரல் அகலத் துணியும். அதை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவனைத் தேடி எத்தினை கந்தோர் ஏறி இறங்கியிருப்பன், பிள்ளை. தேடுறம் எண்டு சொன்னவை, வருவான் எண்டு சொன்னவை. இதுதான் நடந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களாவது வந்து சொன்னீங்கள்.”

பாராட்டாக அதை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் சொன்ன ஆட்களில் ஒருத்தியாகத்தான் ஒரு கிழமை முழுவதும் நானும் இருந்திருக்கிறேன்.

அடுத்த நாள் அவரை நானே கண் காட்டக் கூட்டிப்போனேன். நல்லகாலம், பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது எங்கள் கடைக்கு வருகிற எந்தப் பையையும் ஒரு மாதம் அவிழ்க்காமல் வைத்திருக்கிறோம். ஆனால் என்னை இன்னும் உறுத்துவது கத்தரிக்கோல் செய்த பிழை அல்ல. ஆறுதல் என்று நினைத்து நான் சொன்ன ஒரு ஊர்ப்பெயர், தேடித் தேடியே களைத்துப்போன ஒரு தாயை மறுபடியும் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியதுதான்.