அரக்குப் புடவையோடு மானிட்டர் வாங்கப் போனது

வில்லியனூரில் எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பவர் என் கணவர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திருத்துவதும் பிரிண்ட் போடுவதும் நான். படம் நன்றாக வந்தால் "சார் நல்லா எடுத்திருக்காரு" என்பார்கள். சரியாக வராவிட்டால் "அந்தம்மா கெடுத்துட்டாங்க" என்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு நான் பழகிவிட்டேன்.

பழைய மானிட்டரை வாங்கி வந்தவர் அவர்தான். கேம் விளையாடுகிறவர்களுக்கென்று செய்தது. கடையிலேயே அதுதான் பளபளவென்று இருந்ததாம். அதில் எந்தச் சிவப்பைப் பார்த்தாலும் கண் கூசும். நான் சிவப்பைக் குறைப்பேன், வெளிச்சத்தைக் குறைப்பேன். திரையில் சரியாகிவிடும். பிரிண்ட் எடுத்தால் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த மாதிரி வரும். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் முகம் வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். முகத்தை நான் தனியாக வெளுத்துக் கொடுத்துவிடுவேன். அதனால் ரொம்ப நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஆல்பமும் அப்படித்தான் போனது. பெண்ணின் தாய்மாமன் மணப்பட்டில் கடலுக்குப் போகிறவர். சீர்வரிசையோடு அடர்சிவப்பாக, அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கொண்டுவந்தார். தாய்மாமன் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மேடையில் உட்கார வேண்டும். அப்படித்தான் உட்கார்ந்தாள், நாங்களும் எடுத்தோம். அந்த நேரம் அவர் பந்தியில் தன் ஊர்க்காரர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். மேடைப் பக்கம் வரவில்லை. அதே விழாவில் பெண்ணின் அத்தையும் ஒரு புடவை கொடுத்திருந்தார். அது காப்பிக்கொட்டை நிறம். என் கைவண்ணத்தில் மாமன் புடவையும் காப்பிக்கொட்டை நிறத்திலேயே ஆல்பத்தில் வந்திருந்தது. எனக்கு அப்போது அது தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து அதே குடும்பம் மூலக்குளத்தில் புது வீடு கட்டிக் குடிபோனது. படம் எடுக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள். பால் காய்ச்சியாயிற்று, சாப்பாடும் ஆரம்பமாயிற்று. பிறந்த வீட்டுச் சீர் என்று ஒரு தட்டுகூட வாசலுக்கு வரவில்லை. "அண்ணன் சீர் எடுக்கணுமே, எங்க?" என்று என் கணவர் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை சத்தமாகக் கேட்டார். எதை எங்கே கேட்கக் கூடாதோ அதை அங்கே கேட்பதில் அவர் கெட்டிக்காரர்.

பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனார். பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து என் மடியில் போட்டார்.

"இது இன்னா கலரு?"

"அரக்கு."

"உன் ஆல்பத்துல இன்னா கலரு?"

ஆல்பத்தில் அது காப்பிக்கொட்டை நிறம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அந்த ஆல்பத்த பாத்த நாள்லருந்து எங்கண்ணன் எங்கிட்ட பேச்சே இல்ல. அவரு பொடவைய ஒதுக்கிட்டு நாத்தனா பொடவைய கட்டி ஒக்கார வச்சிட்டேன்னு அண்ணி சொல்லிச்சாம். நான் இந்தப் பொடவைய எடுத்துன்னு போயி காட்டுனேன். கட்டாத பொடவ புதுசாதான் இருக்கும்னுட்டாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்."

என் வேலையால் ஒரு வீட்டில் இப்படி ஆகியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. புடவையைக் கொடுங்கள், ஆல்பத்தைச் சரிசெய்து காட்டுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் புது மானிட்டரும் கம்ப்யூட்டரும் வாங்கப் பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். பென்டிரைவில் அந்த மேடைப் படம், கட்டைப் பையில் புடவை. கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "சார், கேமிங்குக்கா?" என்றார். கணவரின் கண் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி மேல் நின்றுவிட்டது. அதற்குள் பச்சையும் ஊதாவுமாக விளக்கு ஓடிக்கொண்டிருந்தது. படத்துக்கு விளக்கு எதற்கு, மெமரி நிறைய இருக்கட்டும், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருக்கட்டும் என்றேன். "பாக்க நல்லா இருக்குமே" என்றார். அம்மன் கோயில் திருவிழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நகர்த்தினேன்.

பிறகு புடவையை எடுத்துப் பிரித்து, ஒவ்வொரு மானிட்டர் பக்கத்திலும் முந்தானையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைக்காரர் கூடவே வந்தார். பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து புடவையைத் தடவி, எந்தக் கடையில் எடுத்தது என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒன்றில் அரக்கு ஆரஞ்சாகத் தெரிந்தது. இன்னொன்றில் நேராகப் பார்த்தால் ஒரு நிறம், தலையைச் சாய்த்தால் வேறு நிறம். கடைசியில் மூலையில் இருந்த ஒன்று புடவையும் படமும் ஒரே மாதிரி காட்டியது.

"அக்கா, அது டல்லா இருக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"அதையே போடுங்க. திரையோட கலரைச் சரி பாக்குற கருவின்னு ஒண்ணு இருக்குதாமே, அதையும் கொடுங்க."

அது இருப்பது அவருக்கே ஞாபகமில்லை. மாடிக்குப் போய்த் தேடி, தூசியைத் தட்டிக்கொண்டே கொண்டுவந்தார்.

எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்ததும் இன்னொரு வில்லங்கம். எங்கள் சுவர் கிளிப்பச்சை. அந்தச் சுவரைப் பார்த்த கண்ணோடு திரையைப் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் தப்பாகத் தெரிந்தது. சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். "எழவு வூடு மாதிரி இருக்குது" என்றார் கணவர். கருவியைத் திரையில் தொங்கவிட்டு நிறத்தைச் சரி பார்த்தேன். மேடைப் பக்கத்தை மூன்று முறை பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு முறையும் தெருவுக்கு எடுத்துப் போய்ப் புடவையோடு வைத்துப் பார்த்தேன். மூன்றாவது ஒத்துப்போனது. அதன் பிறகுதான் முழு ஆல்பத்தையும் புதிதாகப் போட்டேன்.

பெண்ணின் அம்மாவுடைய அண்ணனுக்கு போன் செய்தேன். "எனக்கு இன்னாத்துக்கு ஆல்பம்" என்று வைத்துவிட்டார். நானும் விடவில்லை. நான்காவது போனுக்கு, தொல்லை தாங்காமல், மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வந்து நின்றார்.

புது ஆல்பத்தையும் புடவையையும் கையில் கொடுத்து வாசல் வெயிலுக்குக் கூட்டிப்போனேன். முந்தானையை மேடைப் படத்தின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பழைய பிரிண்டையும் நீட்டினேன்.

"இது ஏன் இப்டி இருக்குது?"

"என் கம்ப்யூட்டர் சரியில்லண்ணே. நான்தான் கலரைக் கெடுத்துட்டேன். தப்பு என்னுது."

"அப்ப பொண்ணு கட்டினு இருந்தது?"

"உங்க பொடவதாண்ணே. நான் பக்கத்துல நின்னு மடிப்பு சரி பண்ணிவிட்டேன்."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் எனக்கும் பாரம் குறைந்திருக்கும். அவர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வூடு குடிபோனப்பவும் நீங்கதான போட்டோ எடுத்தீங்க?"

"ஆமாண்ணே."

"அதுல என்ன சேக்க முடியுமா? செத்தவங்கள எல்லாம் சேக்கறீங்களே."

முடியும் என்றேன். என் கணவர் அதற்குள் கேமராவை எடுத்துவிட்டார். அண்ணன் எழுந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்னணித் திரை முன்னால் போய் நின்றார். விளக்கைப் போட்டோம். அவர் பொத்தானைக் கழற்றினார்.

"வேணாம் வுடு. நான் வரலன்னு அவளுக்குத் தெரியுமே."

ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புடவையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. உடனே நின்றது. திரும்பி வந்து வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"மூலக்குளத்துல அவ வூடு எந்தத் தெரும்மா?"